சத்தமில்லாமல் டிவி பார்த்த எபிசோடு

டிவியை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். டிவியோடு சண்டைக்கு நின்றுகொண்டே டிவி பார்த்த ஒரே ஆள், திருப்பூர் மண்ணரையில் எங்கள் லைன் வீட்டில் தனியாகக் குடியிருந்த எபிசோடு அக்காதான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை ரேஷன் கடையில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் இருவரும் ஒரே நிட்டிங் கம்பெனி. நான் மெஷின் ஓட்டுகிறவன். அவர், மெஷினிலிருந்து இறங்கும் துணியை விரித்து ஓட்டை தேடுகிறவர். ஒரு நாள் தாமதமாக வந்தவரிடம் சூப்பர்வைசர் காரணம் கேட்டார். தலைவலி, பஸ் வரவில்லை என்று ஊர் உலகம் சொல்லும் எதையும் அவர் சொல்லவில்லை. "ஒரு எபிசோடு பாக்கி இருந்ததுங்க. முடிச்சுட்டு வந்தேன்" என்றார். சூப்பர்வைசர் திட்டக்கூட மறந்துவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவர் வீட்டில் டிவி இருந்தது, கேபிள் இல்லை. கேபிள்காரர் வாசலில் நின்று கெஞ்சினார்.

"எட்டு மணிக்கு வா, மீதியை நாளைக்குப் பாருன்னா, கேட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன அவங்க கம்பெனி ஆளுங்களா? நடுவுல சோப்பு விக்கறவனெல்லாம் என் ஊட்டுக்குள்ள வரப்படாது" என்று சொல்லி எபிசோடு கதவைச் சாத்தினார்.

பக்கத்து வீட்டு டெய்லர் தென்காசிப் பக்கத்துப் பையன். "எக்கா, எல்லாம் போன்லயே வருதுல்லா?" என்றான்.

"போன்ல வர்றது அவன் தள்ளி உடறது கண்ணு. இது நானாப் போயி எடுத்துட்டு வர்றது."

எடுத்துவந்தது எங்கள் பகுதிக் கிளை நூலகத்திலிருந்து. ஏற்றுமதிக்காரர் ஒருவர் வீடு மாறும்போது மூட்டை மூட்டையாக டிவிடிகளை அங்கே கொடுத்திருந்தார். கடல் பிராணிகள், கேக் செய்யும் போட்டி, ஏதோ குளிர் நாட்டுப் போலீஸ் தொடர் என்று எல்லாமே டிவி நிகழ்ச்சிகள். முக்கால்வாசி இங்கிலீஷ். எபிசோடுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதைக் கேட்டால் கோபம் வரும். "பாஷை எதுக்குங்க? மூஞ்சி இருக்குதில்ல?" என்பார்.

அதோடு, அவர் சத்தத்தையும் அடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். லைன் வீட்டில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் பகலில் தூங்குவார்கள். அவர்களுக்காகத்தான் என்று ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. "சத்தம் போட்டாத்தான் புரியும்னா அவனுக்கு நடிக்கத் தெரியலீன்னு அர்த்தமுங்க" என்று பழியை நடிகர்கள் மேல் போட்டுவிடுவார்.

டிவிடியில் கீறல் இருந்தால் பனியன் துணியால் துடைப்பார். அதிலும் தரம் உண்டு. கடல் பிராணிகளுக்கு ஒரு துணி, போலீசுக்கு ஒரு துணி. ஒருமுறை ஒரு டிவிடியின் மேல் பசை ஒட்டியிருந்தது. துணியில் எண்ணெய்க் கறை எடுக்கிற மருந்துத் துப்பாக்கியைக் கம்பெனியில் எடுத்து ஒரு அடி அடித்தார். பசை போனது. கூடவே பெயரும் படமும் போய், டிவிடி மொட்டைத் தலைபோல் பளபளத்தது. கொஞ்சமும் அசராமல் அதன் மேல் மார்க்கரால் மீசை வைத்த ஒரு மூஞ்சியை வரைந்து நூலகத்தில் நீட்டினார். "போலீஸ் கதைங்க. இப்பத்தான் பார்த்ததும் தெரியுது."

நிட்டிங் கம்பெனிக்குள் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அத்தனை மெஷினும் ஓடும்போது காதருகில் கத்தினாலும் கேட்காது. நாங்கள் வாயசைவிலும் கையசைவிலும்தான் பேசிக்கொள்வோம். நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் கை உண்டு. எபிசோடு அந்தக் கையாலேயே, முந்தின நாள் பார்த்த போலீஸ் தொடரை எங்களுக்குச் சொல்லிவிடுவார். மீசையை முறுக்கினால் இன்ஸ்பெக்டர். கழுத்தைத் தடவினால் செத்துப்போன பணக்காரி. ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் லைன் வீட்டிலேயே தங்கியிருந்த மெஷின்காரர் ஒருவருக்குத் தமிழ் சுத்தமாக வராது. கொலைகாரன் யார் என்று எங்கள் எல்லோருக்கும் முன்பே அவர்தான் கண்டுபிடிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நூலகத்துக்குப் புதிய நூலகர் வந்தார். மரியாதையான மனிதர். டிவிடி அலமாரியைக் காலி செய்து பழைய சாமானுக்குப் போடப்போவதாகவும், அந்த இடத்தில் பரீட்சைப் புத்தகங்கள் வரும் என்றும் சொன்னார். போலீஸ் தொடர் பாதியில் நின்றது. அன்று நானும் கூடப் போயிருந்தேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்பதால் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன்.

"யாருமே எடுக்கறதில்லீங்களே" என்றார் நூலகர்.

"நான் ஆள் இல்லீங்களா?"

"ஒருத்தருக்காக ஒரு அலமாரி வைக்க முடியாதுங்கம்மா."

"ஒத்த ஆளுக்கு ரேஷன் கார்டு குடுக்கறாங்க. ஓட்டு குடுக்கறாங்க. அலமாரி மட்டும் ஆகாதுங்களா?"

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் கொஞ்சம் பேர் உறுப்பினராகி டிவிடி எடுத்தால் பார்க்கலாம் என்றார்.

எபிசோடு லைன் வீடு முழுக்கக் கதவு தட்டினார். யாரும் அசையவில்லை. "எக்கா, எங்க யாருகிட்டயும் பிளேயர் கெடயாது. எடுத்துட்டு வந்து மூஞ்சி பாத்துத் தலை சீவவா?" என்றான் டெய்லர். எல்லோரும் சிரித்தார்கள். எபிசோடு சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கதவைத் தட்டினார். "டிவியைத் தூக்குங்க" என்றார். எங்கே என்று கேட்பதற்குள் தன் வீட்டுக்குள் போய்ப் பிளேயரைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நான்கு பேர் பார்த்தாலே சுவரோரம் நடக்கிறவன் நான். அன்று டிவியைத் தோளில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் நடந்தேன். முன்னால் பிளேயரை இடுப்பில் வைத்துக்கொண்டு எபிசோடு. பின்னால், எங்கேதான் போகிறார்கள் என்று பார்க்க லைன் வீடே வந்தது.

நூலகப் படிப்பறையில் டிவியை வைத்ததும் நூலகர் ஓடிவந்து சுவரில் இருந்த 'அமைதி காக்கவும்' பலகையைக் காட்டினார். "இங்க சத்தம் வரக்கூடாதுங்க."

"வராதுங்க" என்றார் எபிசோடு.

போலீஸ் தொடர் ஓடியது. டிவிக்குப் பக்கத்தில் நின்று எபிசோடு கையால் பேச ஆரம்பித்தார். எங்கள் ஆட்களுக்கு அது கம்பெனி பாஷை. டெய்லர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். ஒடிசாக்காரர் வில்லனைப் பார்த்து விரலை ஆட்டினார். விசாரணைக் காட்சி வந்தது. இன்ஸ்பெக்டருக்கும் பணக்காரியின் கணவனுக்கும் ஒரே ஆள் பேச முடியாது. எபிசோடு என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். வாங்க.

சுவரோரமாகவே நகர்ந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் மீசையை முறுக்கிக் கேட்டார். நான் நெஞ்சில் கை வைத்து, எனக்கு ஒன்றும் தெரியாதுங்க என்றேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. வாயைத் திறக்கத் தேவையில்லை என்றால் கூட்டத்தின் முன்னால் நானும் நன்றாகவே பேசுவேன் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்கள் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் பூட்டிய கதவைத் திறக்கப் போகும் இடத்தில் அந்த டிவிடி முடிந்துபோனது.

"ஐயையோ, அப்புறம் என்னாச்சுங்க?" என்று ஒரு குரல் அறை அதிரக் கேட்டது.

நூலகர்தான். அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தோம். எபிசோடு பேசாமல் பலகையைக் காட்டினார்.

அன்று லைன் வீட்டில் பாதிப் பேர் உறுப்பினர் ஆனார்கள். நானும் ஒரு கார்டு வாங்கினேன். அலமாரி இன்றும் அங்கேதான் இருக்கிறது. பரீட்சைப் புத்தகங்கள் நூலகரின் மேசைக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டன.

லைன் வீட்டை இடித்துக் குடோன் கட்டியபோது எபிசோடு சேவூர்ப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து அவரால் நூலகத்துக்கு வர முடிவதில்லை. வாரா வாரம் நான் என் கார்டில் ஒரு டிவிடி எடுத்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து பார்க்கப் பஸ் ஏறுகிறேன். போன வாரம் நூலகர் கேட்டார், பழைய சாமான் கடையில் பிளேயர் சும்மா கிடக்கிறதே, வாங்கினால் வீட்டிலேயே பார்க்கலாமே என்று.

"பார்க்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, சேவூர் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தேன்.