ஒலிச் சேவைக்கு விதித்த இடைக்காலத் தடை

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறோம். ஞாயிறு மாலை ஐந்தேகால் முதல் அவள் என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. தொலைபேசியில் சொன்னால் பதிவு இருக்காது என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

சென்ற முறை வந்தபோது என் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்து, "மாமா, வாரம் ஒரு தடவை இந்த ஒரு வரியத் தட்டுங்க, எல்லாம் தானா அப்டேட் ஆயிடும்" என்றீர்கள். தட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு மென்பொருள்கள் மாற்றப்படும், சம்மதமா என்று கேட்டது. முப்பத்தாறு ஆண்டு வக்கீல் தொழில் பார்த்தவன் நான்; படிக்காத தாளில் என் கட்சிக்காரர் எவரையும் கையெழுத்திட விட்டதில்லை. ஆகவே 'இல்லை' என்று பதிலளித்து, பட்டியல் முழுவதையும் அச்செடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்கத் தொடங்கினேன். எழுத்து கடுகளவு இருந்ததால் கூடத்து மேசை விளக்கைக் கம்ப்யூட்டர் அருகே கொண்டுவந்து வைத்துக்கொண்டேன்.

நான் வகுத்த விதி எளியது. வெளியாரோடு பழகும் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு உண்டு. அது வாசற்கதவு, பூட்டு பழையதாக இருக்கக் கூடாது. கால்குலேட்டர், சீட்டாட்டம் போல வீட்டுக்குள்ளேயே இருப்பவை இருந்தபடியே இருக்கலாம். இதன்படி பிரவுசருக்கு அனுமதி வழங்கினேன். எழுத்துருக்கள் நாற்பதுக்கு வாய்தா. 'லிப்' என்று பெயர் தொடங்கும் துணை மென்பொருள்கள் நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். எவரும் தாம் பார்க்கும் வேலையைச் சொல்லவில்லை. ஒருவரை நீக்கப் பார்த்தால் தன்னை நம்பி எண்பது பேர் இருப்பதாகச் சொல்கிறார், கூட்டுக்குடும்பத்து மூத்த அண்ணன் மாதிரி. ஒலிச் சேவையோ 'சில சிறு திருத்தங்கள்' என்று ஒரே வரியில் மனு போட்டது. என்ன திருத்தம், எந்த இடத்தில், யாருக்குப் பாதிப்பு? காரணம் காட்டாத மனுவை எப்படி ஏற்பது? இடைக்காலத் தடை விதித்தேன்.

ஞாயிறு ஐந்து மணிக்கு வீடியோ அழைப்பில் பேத்தி வந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், கை தட்டினாள். சத்தமே இல்லை. அவள் முதன்முதலாக 'பாட்டி' என்று சொன்னாள் என்பது உங்கள் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் தெரிந்தது.

"ஒரு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் உங்கள் அத்தை. "எம் பேத்தி என்னைக் கூப்பிட்டது எல்லாருக்கும் கேட்டுச்சு, எனக்கு மட்டும் கேக்கல. எல்லாம் உங்க விசாரணையால!"

"சட்டப்படி பார்த்தா..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டத்தையே சாப்பிடுங்க" என்று எழுந்து போனாள். அன்றிலிருந்து தட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை.

மாப்பிள்ளை, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, பயமா இருக்கு. அடுத்த ஞாயிறும் கேக்கலைன்னா தட்டும் வராது. ஆகவே, ஒலிச் சேவையின் தடையை மட்டும் நீக்கினால் போதுமா, அதன் 'லிப்' உறவினர் எழுவரையும் சேர்க்க வேண்டுமா என்பதை ஞாயிறுக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். (உங்கள் அத்தையின் ஆசியை அவளைக் கேட்காமலே சேர்த்திருக்கிறேன், கேட்கும் நிலையில் நான் இல்லை.)

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் அத்தை இக்கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். மேசை விளக்கு வரும் வரியில் நிறுத்தினாள். "ஏங்க, அந்த வெளக்க எதுல சொருகினீங்க?" மூன்று நாளில் அவள் பேசிய முதல் வாக்கியம். இருவரும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தோம். விளக்குக்கு இடம் வேண்டி நான் பிடுங்கிப் போட்டிருந்தது ஸ்பீக்கரின் பிளக். ஒலிச் சேவை குற்றமற்றதென விடுவிக்கப்பட்டது. நிலுவையில் இருந்த அனைத்துக்கும் உங்கள் அத்தையே 'ஆம்' என்று தட்டிவிட்டாள், ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. எல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. சற்றுமுன் வீடியோ அழைப்பில் பேத்தி பதினோரு முறை 'பாட்டி' என்றாள். பன்னிரண்டாவது முறை என்னைப் பார்த்தும் அதையே சொன்னாள், நான் ஆட்சேபிக்கவில்லை. ஆகவே மேற்கண்ட கடிதத்தை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. படித்துவிட்டிருந்தால், படித்ததாகக் கையெழுத்திட்டு ஒரு பிரதி அனுப்பவும்.