காளியாத்தாளுக்கு இரண்டு மாடு

நாமக்கல்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்குரிய மச்சான் சென்னிமலை அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் அப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும், கட்டுத்தரையில் பன்னிரண்டு உருப்படி மாடுகளும், ஒரு நாயும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும், அக்காவும், பதினோரு நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கும் என் வீட்டம்மா காளியாத்தாளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமா என்று யாரும் கேட்காததால் அதைப் பற்றி எழுதவில்லை. என் கல்யாணத்துக்குச் சீராகத் தாங்கள் இளம்பிள்ளையிலிருந்து இரண்டு நாள் நடத்தியே ஓட்டி வந்து விட்டீர்களே செவலைக் கிடாரி, அதன் வழியில் வந்த மாடு ஒன்று இப்போது நிறைசினையாக நிற்கிறது. மடி இறங்கிவிட்டது. இன்றோ நாளையோ கன்று போடும். இந்தச் செய்தியைக் காளியாத்தாள் காதில் விழும்படி சொன்னால் நல்லது. நான் சொல்லச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். வேறு வழியில்லை மச்சான். அவளுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. தங்களுக்குப் போட்டால் காது சரியாகக் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் சொல்வது முதலில் தங்கள் தறிக்கூடத்துக்குக் கேட்கிறது, அப்புறம்தான் தங்களுக்கு. போன வாரம் நான் "அவளை அனுப்பி வையுங்க" என்று சொன்னபோது பின்னால் நாலைந்து பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. ஆகவே நடந்தது முழுவதையும் எழுதிவிடுகிறேன். குடும்பக் குரூப்பில் என் மகள் மதுமதி போட்ட வீடியோவைத் தாங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பதும், அதற்குக் கண்ணீர் வழியச் சிரிக்கும் பொம்மை மூன்று போட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். வருத்தமில்லை. ஆனால் அந்த வீடியோ பாதி.

மாப்பிள்ளை மோகன்குமார் போர்வெல் ரிக் கம்பெனிக்கு மேனேஜராகத் தென்னாப்பிரிக்கா போய் நாலு வருஷமாகிறது. மதுமதி வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போனோம். இருபது நாள். பதினேழாவது நாள் காலையில், பண்பாட்டுக் கிராமம் ஒன்றுக்குப் போகலாம் என்றாள். அந்த நாட்டு ஜனங்கள், ஜூலு, கோசா, சோத்தோ என்று ஒவ்வொருவரும் அந்தக் காலத்தில் எப்படி வீடு கட்டினார்கள், என்ன உடுத்தினார்கள், என்ன தின்றார்கள் என்பதையெல்லாம் விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்கென்றே அமைத்திருக்கிறார்களாம். எனக்கு முதுகு வலி. "ஏஞ்சாமி, தோட்டத்துல இருந்து ஏரோப்ளேன் ஏறி வந்தது இன்னொரு தோட்டத்தப் பாக்கறதுக்கா? கடலு இருக்குதுன்னாங்களே, அதப் பாத்துட்டுப் படுத்துக்கலாமில்ல" என்றேன். "எல்லாத்துக்கும் மூஞ்சியத் தூக்காதீங்கப்பா, டிக்கெட் எடுத்தாச்சு" என்றாள். மூன்று மணி நேரம் கார். காளியாத்தாள் வழி நெடுகிலும் ஜன்னல் வழியாக மாடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். நான் தூங்கினேன். அதுதான் அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

வாசலில் ஒரு இளவட்டம் நின்றிருந்தார். சிபோ என்று பெயர். தோலாடையும் தலையில் ஒரு பட்டையும் கட்டியிருந்தார், இடுப்பில் செருகியிருந்த செல்போனை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டார். நல்ல பிள்ளை. ஜூலு வீட்டுக்குள் நேரே நுழையக் கூடாது, வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் போக வேண்டும் என்று அவர் ஆங்கிலத்தில் விளக்கி, மதுமதி அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், தங்கள் தங்கை முந்தானையைச் செருகிக்கொண்டு, "ஊட்டுல யாருங்க?" என்று ஒரு குரல் விட்டாளே பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு அம்மா பதில் கொடுத்தார். சிபோவுக்கு ஆனந்தம். இந்த அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அவள் அங்கே பெரிய மனுஷி. சாணி போட்டு மெழுகிய தரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "நல்லாத்தான் மொழுகியிருக்கறாங்க, மூலையில மட்டும் பதம் பத்துல" என்று சொல்ல, அதையும் மதுமதி மொழிபெயர்க்க, அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நம் வீட்டுச் சாணித் தரையை நாத்தமடிக்கிறது என்று பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட வைத்த மதுமதி, இதை மண்டி போட்டுப் படம் எடுத்தாள்.

குடிசைக்குள் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம் உட்கார வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தோம். ஒரு சட்டியில் என்னவோ நுரைத்துக்கொண்டு வந்தது. மதுமதி வெளியே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சோளமும் மக்காச்சோளமும் புளிக்க வைத்தது என்று சிபோ ஜாடையில் சொன்னது எனக்குப் புரிந்தது. புளிக்க வைத்தது என்றால் கூழ்தானே மச்சான்? வெயிலில் அலைந்த வயிறு. நான் மூன்று குடுவை குடித்தேன். காளியாத்தாள் ஒன்றரை குடித்துவிட்டு, "தொட்டுக்கச் சின்ன வெங்காயம் ரெண்டு கெடைக்குமுங்களா?" என்று எல்லாரையும் கேட்டாள். அப்போதுதான் மதுமதி உள்ளே வந்தாள். "அய்யோ அம்மா, அது பீருங்க!" என்று கத்தினாள். நான் குடுவையைக் கீழே வைத்துவிட்டேன். தங்கள் தங்கை கையில் இருந்ததை முடித்துவிட்டுத்தான் வைத்தாள். இதைத் தங்கள் வீட்டில் அவள் சொல்லியிருக்க மாட்டாள் என்பதால் எழுதுகிறேன்.

அதற்கப்புறம்தான் வினை. அந்த நாட்டில் பெண் எடுப்பதென்றால் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீடு மாடு கொடுக்க வேண்டுமாம். பதினோரு மாடு என்பது வழக்கமான பேச்சு. இரண்டு குடும்பமும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாது, நடுவில் ஆள் போய்த்தான் பேசி முடிப்பார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு முதுகு வலியே போய்விட்டது. தரகு! நாற்பது வருஷம் புதன்சந்தை மாட்டுச் சந்தையில் நான் பார்த்த வேலை! சிபோ விளையாட்டாக, அவரவர் சம்சாரத்துக்கு எத்தனை மாடு கொடுப்பீர்கள் என்று வந்திருந்தவர்களைக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு ஜெர்மன்காரர், "நூறு!" என்று சொல்லிவிட்டு மனைவியின் கையில் முத்தம் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த ஆள் ஆயுசில் ஒரு மாட்டுக்குத் தண்ணி காட்டியிருக்க மாட்டார். நூறு மாட்டுக்கு யார் தீவனம் போடுவது? அடுத்தது என்னிடம் வந்தார்.

மச்சான், தாங்கள் மாடு பிடித்தவர், தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவுடனே மேல் விலை சொல்கிறவனைச் சந்தையில் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். என் வாய் என்னைக் கேட்காமலே "ரெண்டு" என்றது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிடிக்க வந்த மாட்டைக் குறை சொல்லாமல் எவன் பிடிப்பான்? "உருப்படி வயசானதுங்க. முட்டி ரெண்டும் தேய்மானம். சக்கரை இருக்குது. தீனி கொறவுதான், ஆனா நேரத்துக்கு வெக்கோணும். வாய் கொஞ்சம் நீளம்" என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டே போனேன். மதுமதி சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல, சிபோ அதை ஜூலுவில் சொல்ல, குடிசையே குலுங்கியது. எதிர்ப்பக்கம் காளியாத்தாள் எழுந்தாள். "பாசிமணி விக்கறாங்கன்னாங்களே, நாம்போய் அதையாவது பாக்கறேன்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். வீடியோவும் "வாய் கொஞ்சம் நீளம்" என்பதோடு நின்றுவிட்டது. போனில் இடமில்லையாம்.

நான் அதற்கப்புறம் சொன்னது யாருக்கும் தெரியாது. "ஆனா சுழி சுத்தமுங்க" என்றேன். அவள் போய்விட்டாள். மதுமதிக்கு அதற்கு ஆங்கிலம் தெரியவில்லை, விட்டுவிட்டாள். ஆயிரம் குறை சொன்னாலும், மேலே உள்ள ரோமச் சுழியில் குற்றமில்லை, சுழி சுத்தம் என்று ஒரு தரகன் வாயிலிருந்து வந்தால் அது கால் வைத்த வீடு விளங்கும் என்று அர்த்தம், தங்களுக்குத் தெரியும். நான் வேறு எந்த உருப்படிக்கும் அதை அவ்வளவு மனசாரச் சொன்னதில்லை.

சிபோ, இதுதான் கடைசிப் பேச்சா என்று கேட்டார். இனிமேல்தான் பேச்சே என்று சொல்லி, தோள் துண்டை எடுத்து அவர் கைமேல் போட்டேன். துண்டுக்குள்ளே மற்றவர்களுக்குத் தெரியாமல் விரலைப் பிடித்து விலை பேசுகிற முறையைச் சொல்லிக் கொடுத்தேன். கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். அவருக்கே இப்போதுதான் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், அதனால் சிரிக்கவில்லை. துண்டுக்குள் பிடித்த கணக்கை வெளியே சொல்வது சந்தை தர்மமில்லை. மதுமதி கேட்டும் சொல்லவில்லை, மாப்பிள்ளை கேட்டும் சொல்லவில்லை. இப்போது தங்களுக்கு, முதல் தடவையாக, சொல்கிறேன். ஐந்து விரலையும் சேர்த்து ஒருதரம் பிடித்தேன். மறுபடியும் ஐந்து. அப்புறம் ஒன்று. பதினொன்று ஆனதும் போதும் என்று அவர் கையை இழுத்தார். நான் விடவில்லை. இன்னொரு விரலைப் பிடித்தேன். பன்னிரண்டு. கட்டுத்தரையில் நிற்பது மொத்தமும் அவ்வளவுதான் மச்சான். அதற்குமேல் இருந்தால் அதையும் பிடித்திருப்பேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று இரண்டு கையாலும் கை கொடுத்தார்.

திரும்பி வந்த நாளிலிருந்து காளியாத்தாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு, "சாப்படறவங்க சாப்படலாம்" என்று சுவரிடம் சொன்னாள். நாலாம் நாள் பையை எடுத்துக்கொண்டு, "எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். நீங்க எனக்குக் குடுக்கற ரெண்டு மாட்டையும் அங்கயே ஓட்டீட்டு வந்து கட்டீருங்க" என்று நாயிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கிருந்து முட்டைதான் சாப்பாடு. நாமக்கல்லில் அதற்குப் பஞ்சமில்லை, ஆனால் பதினோரு நாள் எந்த மனுஷன் முட்டை தின்பான்? மாடுகள் என் கைக்குச் சரியாகச் சுரக்கமாட்டேன் என்கின்றன. பால் சொசைட்டியில் என்னாச்சு என்று கேட்டார்கள், தீவனம் சரியில்லை என்று பொய் சொன்னேன். சாயங்காலம் ஆனால் பன்னிரண்டும் வாசல் கேட்டுப் பக்கம் தலையைத் திருப்பி நிற்கின்றன. நானும் அவற்றோடு நிற்கிறேன். சலித்துப்போய்விட்டது மச்சான். நாற்பத்திமூன்று வருஷத்தில் அவளிடம் சொல்ல வேண்டியதை ஒரு ஜூலு பிள்ளையின் விரலில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, சுழி, துண்டு ஆகிய இரண்டு விஷயங்களை மட்டும் அவளிடம் படித்துக் காட்டி அனுப்பி வைக்க வேண்டும். ஸ்பீக்கர் வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் தறிகள் நிற்காமல் ஓடட்டும், குலதெய்வம் எல்லாரையும் காக்கட்டும், என்னையும் கொஞ்சம் கவனிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வீட்டுக்காரன்,
நா. அப்புசாமி

பின்குறிப்பு: மேலே கண்ட அனைத்தும் ரத்து. இதை மடித்து உறைக்குள் போடும்போது வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. காளியாத்தாள் இறங்கி, "நாங் கணக்குப் போட்டு வெச்ச நாளுங்க இது, மாடு கன்னு போடறதப் பாக்கத்தான் வந்தேனுங்க, உங்களப் பாக்க இல்ல" என்று சொல்லிவிட்டு நேராகக் கட்டுத்தரைக்குப் போனாள். உச்சிப்பொழுதுக்குள் கிடாரிக் கன்று. சீம்பால் பீய்ச்சிவிட்டு, கை கழுவி, கண்ணாடி போட்டுக்கொண்டு, இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பீர் விஷயத்தை அடிக்கச் சொன்னாள், நான் அடிக்கவில்லை. அப்புறம் கேட்டாள்: "ஏனுங்க, பன்னண்டுன்னு புடிச்சீங்களே, அந்தப் பன்னண்டும் எங்கண்ணன் ஓட்டியாந்த செவலையோட வகையறாதானுங்க? எம்மாட்டையே குடுத்து என்னய வாங்கீட்டு வந்தீங்களா?"

மச்சான், கட்டுத்தரையை ஒன்று விடாமல் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். என் பேரில் ஒரு மாட்டு வால்கூட இல்லை என்பது எனக்கே இப்போதுதான் உறைத்தது.

அவள் என் தோளிலிருந்த துண்டை இழுத்து என் வலது கைமேல் போட்டு, உள்ளே தன் கையை விட்டாள். எனக்கு விலையாக எத்தனை மாடு என்று பிடித்தாள் என்பதைத் தாங்கள் கேட்கக் கூடாது, நானும் சொல்லமாட்டேன். பிடித்த விரலை இன்னும் விடவில்லை. இந்தப் பின்குறிப்பை இடது கையால்தான் எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.