பாட்டிக்குத் தனியா நாள் கிடையாதாம்

ஜோகுபாளையம்,
14-6-99

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா சாந்தகுமாரி அவர்களுக்கு, தமயந்தி எழுதிக்கொண்டது. இங்கு முட்டிவலி தவிர எனக்குக் குறையில்லை. உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு மனசில்லை, ஆனாலும் கடுதாசின்னா கேட்கணும், கேட்டுட்டேன்.

உங்க மக வித்யாவும் என் மகன் அசோகனும் கோர்ட்டுல பிரிஞ்சது அவங்க தலையெழுத்து. அவங்க கல்யாணத்துல எனக்குக் கடைசிப் பந்தியில ஆறிப்போன சாம்பார் ஊத்தினீங்களே, அது யார் தலையெழுத்து? மாசம் ஒரு சனிக்கிழமை கோர்ட்டு ரூம்ல அப்பன் பிள்ளையைப் பாக்கலாம்னு தீர்ப்பு, அவன் முதுகுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு நானும் பேத்தி சோனியாவைப் பாத்துட்டிருந்தேன். இப்ப அவன் துபாய் போயிட்டான். "இனிமே அதெல்லாம் வேணாம்மா"ன்னான், பால் பாக்கெட்டை நிறுத்தச் சொல்ற மாதிரி. வக்கீல் சேஷகிரிகிட்ட ஓடி, "எனக்குன்னு ஒரு நாள் வாங்கித் தாங்க சார்"னேன். "பாட்டிக்குத் தனியா நாள் கிடையாதும்மா, அப்பாவோட நாள்லதான் நீங்க. மனு போடலாம், வருசக்கணக்கா இழுக்கும்"னாரு. "அவனைப் பெத்தவளே நான், அவன் நாள்ல நான் எப்படி சார்?"னு கேட்டா சிரிக்கிறாரு. பெரிய படிப்பு.

மனசு கேக்காம முந்தாநாள் சனிக்கிழமை தனியாவே கோர்ட்டுக்கு வந்தேன். அந்த ரூமைப் பாத்துக்கிற அம்மா, "அப்பா பந்தில்லா, ஆகல்ல அஜ்ஜி"ன்னு, அப்பா வரலை, முடியாது பாட்டின்னு கன்னடத்துல சொல்லிக் கதவைச் சாத்திட்டா. நீங்க அந்தக் கோடியில பிள்ளையோட நின்னீங்க. வெளித் தண்ணி ஆகாதுன்னு எங்க வீட்டு நிச்சயதார்த்தத்துக்கே கூஜா தூக்கிட்டு வந்தவங்க நீங்க. அன்னிக்கும் கையில கூஜா. அதோடவே, "தண்ணி குடிச்சுட்டு வரேன், இங்க உக்காரு"ன்னு பிள்ளையை என் பக்கத்துல விட்டுட்டுப் படியிறங்கினீங்க. திரும்பியே பாக்கலை.

"அப்பா வரலியா?"ன்னா. "நான் வந்திருக்கேனே"ன்னேன். "சரி, நீ போதும்"னுட்டு, பல்லு விழுந்த இடத்தை வாயைத் திறந்து காட்டினா. கோர்ட்டுக்கு நான் போதலை, அவளுக்குப் போதுமாம்.

இதனால சாம்பாரை மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. நீங்களே வந்து கூப்பிட்டாலும் உங்க ஊர் ஆனேக்கல் மண்ணை மிதிக்க மாட்டேன். எனக்கும் ரோசமிருக்கு.

சம்பந்திக்கு என் நமஸ்காரம். சோனியாவுக்கு என் ஆயுசையும் சேர்த்து ஆசீர்வாதம். வித்யாவுக்கு ஒண்ணுமில்லை. சரி, அவளையும் கேட்டேன்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
தமயந்தி

பி.கு.: பெத்தவ சம்மதிச்சா இதுக்குக் கோர்ட்டே வேணாம்னு வக்கீல் கடைசியாச் சொன்னாரு. வித்யாகிட்ட நீங்கதான் பேசணும். கூப்பிடுங்க, வந்துடறேன்.