மாப்பிள்ளைக்கு நான் செய்து கொடுத்த பெஞ்ச்

என்றும் என் மதிப்புக்குரிய அக்காவுக்கு, உன் ஒரே தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் குழந்தையும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். அவர்கள் இருவரும் சுகம். என்னைப் பற்றி நீயே முழுக்கப் படித்துவிட்டுச் சொல். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவாய். அத்தான் ஹாலில் உட்கார்ந்தபடியே அத்தனையும் கேட்டு, சாயங்காலத்துக்குள் உன் மாப்பிள்ளையிடம் ஒப்பித்துவிடுவார். விஷயமே உன் மாப்பிள்ளையைப் பற்றியது. அதனால்தான் கடிதம். வாய்விட்டுப் படிக்காதே.

உன் மாப்பிள்ளைதான் எங்கள் பகுதிப் பெண் பிள்ளைகளின் கால்பந்து அணிக்குக் கோச் என்பது உனக்குத் தெரிந்ததுதான். என் பெண்ணை அதில் சேர்த்த அன்று, மில்லில் பார்த்தவர்களிடமெல்லாம் "கோச்சு நம்ம வீட்டு மாப்பிள்ளைதான்" என்று சொன்னேன். சலுகை எதிர்பார்த்துச் சொல்லவில்லை அக்கா. பாரபட்சம் எனக்கு அறவே பிடிக்காது என்பது உனக்கே தெரியும். நம் பிள்ளையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் எல்லோரையும் சமமாக நடத்தினால் போதும் என்பதுதான் என் கொள்கை. ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது. முதல் ஆட்டத்தில் ஆரம்பம் முதல் கடைசிவரை ஆடினாள். நானும் மைதானத்து எல்லைக்கோட்டை ஒட்டி நின்று என்னால் ஆன உதவியைச் செய்தேன். மரம் அறுக்கும் மில்லில் இத்தனை வருஷம் சூப்பர்வைசராக இருந்தவனுக்கு மெதுவாகப் பேச வராது. ரம்பம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் டீ வேண்டுமா என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அந்தக் குரல் மைதானத்துக்குப் பயன்படட்டுமே என்று நினைத்தேன். நடுவில் என்னையறியாமல் இரண்டு கையையும் உயர்த்திவிட்டேன். மில்லில் அதற்கு ரம்பத்தை நிறுத்து என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து மில்லுக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து பழகிய பிள்ளை ஆயிற்றே, ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பந்து அவளைத் தாண்டிப் போனது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த ஆட்டத்தில் பந்து நம் கோல் வாசலுக்கே வந்துவிட்டது. மில்லில் பலகை நழுவினால் எல்லோரும் ஒரே குரலில் "பிடி, பிடி" என்று கத்துவோம். அந்தப் பழக்கத்தில் நானும் "பிடி" என்று கத்தினேன். அவள் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துவிட்டாள். கோல்கீப்பர் ஒருத்தியைத் தவிர வேறு யாரும் பந்தைக் கையால் தொடக்கூடாதாம். நடுவர் விசிலை ஊதிப் பெனால்டி கொடுத்தார், நாம் தோற்றோம். அந்த நடுவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான், அதைத் தனியாக எழுதுகிறேன்.

இதற்குள் பேக்கரிக்காரர் முந்திக்கொண்டார். அவர் மகளைப் பிள்ளைகள் புயல் என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மனிதர் ஒரு பை நிறைய பன் கொண்டுவருகிறார். புயலும் ஒவ்வொரு ஆட்டமும் ஆடுகிறது. பன்னுக்கும் புயலுக்கும் உள்ள சம்பந்தம் குழந்தைக்குக்கூடப் புரியும். என்னால் பன் சுட முடியாது. மாற்று ஆட்டக்காரப் பிள்ளைகள் வெறும் தரையில் உட்காருவதைப் பார்த்து, முதலாளியிடம் கேட்டு மிச்சப் பலகைகளை வாங்கி, இழைத்து, நானே ஒரு பெஞ்ச் செய்து தோளில் சுமந்து கொண்டுபோய் வைத்தேன். "யானை ஏறி உக்காந்தாலும் அசையாது மாப்பிள்ளை" என்றேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றார். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெஞ்சில் முதலில் உட்கார வைக்கப்பட்டது யார் என்று நினைக்கிறாய்? என் பெண். ஆட்டம் முடிகிறவரை எழுந்திருக்கவே இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அது இதுதான்.

இதுவரை புரிகிறதல்லவா? இதற்குமேல்தான் எனக்கே புரியவில்லை. மில்லில் அவசர ஆர்டர் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. உன் தம்பி மனைவி, "போயிட்டு வாங்க, பாவம் உங்க முதலாளி" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் முதலாளிக்காகப் பரிதாபப்பட்டது அன்றுதான். மறுநாள் ரொட்டி வாங்கப் போனால் பேக்கரிக்காரர், "உங்க பொண்ணு ரெண்டு கோல் சார், பின்னிட்டா" என்கிறார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் கொடியில் அவளுடைய சட்டை காய்கிறது, துவைத்த பிறகும் மண் கறை போகவில்லை. "ஆடினியாம்மா?" என்றேன். "கொஞ்ச நேரம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுப் போனேன், பெஞ்ச். அதற்கடுத்த வாரம் மில்லுக்குப் போனேன், கோல். மறுபடி போனேன், பெஞ்ச். நான் போனால் உட்காருகிறாள், போகாவிட்டால் கோல் போடுகிறாள். மனிதனுக்கு மண்டை காயாதா?

சொந்தக்காரப் பெண்ணுக்குச் சலுகை என்று ஊர் பேசுமே என்பதற்காக, என் கண் எதிரில் மட்டும் மாப்பிள்ளை கறாராக நடந்துகொள்கிறார் போலும் என்று முதலில் நினைத்தேன். ஊர் பேசுவது நான் இருந்தாலும் பேசும், இல்லாவிட்டாலும் பேசும். அப்புறம், அவர் கல்யாணத்தில் ஏதாவது மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தது நான்தான், அவர் இல்லை. சரி, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று உன் பெண் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையை எப்படிக் கேள்வி கேட்பது? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் டீயைக் குடித்தேன். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா, தப்பா நினைச்சுக்கக் கூடாது, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை நம்மிடம் மன்னிப்புக் கேட்கும்படி விடலாமா? "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் மாப்பிள்ளை, எனக்குப் புரியுது" என்று பெருந்தன்மையாகத் தடுத்துவிட்டேன். அவர், "புரிஞ்சா சந்தோஷம் மாமா" என்றார். மறு ஞாயிறும் பெஞ்ச்.

போதாக்குறைக்கு நேற்று பேக்கரிக்காரரே என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கென்ன சார், உறவு. உங்க பொண்ணைப் பக்கத்துலயே உக்கார வெச்சு ஆட்டம் பூராக் காதுக்குள்ள சொல்லிக் குடுக்கிறாரு. என் பொண்ணை வெயில்ல நாய் மாதிரி ஓட விடறாரு. பன் கொண்டு போயும் பிரயோஜனமில்லை" என்கிறார். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள். இங்கே எது வெண்ணெய், எது சுண்ணாம்பு என்றே தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் எரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை இறுதி ஆட்டம். இதில் ஆடுகிறவர்களிலிருந்துதான் அடுத்த வருஷம் பெரிய அணிக்கு எடுப்பார்களாம். முன்பெல்லாம் சாப்பிடும்போது பந்தைப் பற்றிப் பேசிப் பேசிச் சோற்றை ஆறவிடுவாள். இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி, அக்கா! அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பெண் ஆடுவதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாளைய ஆட்டத்துக்கு இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், இனி வரும் ஆட்டங்களிலாவது என் கண் முன்னால் அவளை இறக்கும்படி மாமியார் என்ற முறையில் மாப்பிள்ளையிடம் பக்குவமாக ஒரு வார்த்தை சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. கேட்கவில்லையென்றால், அந்தப் பெஞ்சைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றும் சொல்.

அத்தானுக்கு என் வணக்கம், உன் பெண்ணுக்கு என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம்தான், ஆனால் கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
குழம்பிப்போயிருக்கும் உன் தம்பி

பி.கு.: அக்கா, மேலே எழுதியதில் அத்தானின் முழங்காலைத் தவிர எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. காலையில் இதைத் தபால் பெட்டியில் போட எடுத்துக்கொண்டு, அப்படியே ஆட்டத்துக்கும் வந்தேன். மைதானத்து வாசலில் என் பெண் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, ஒண்ணு சொன்னாக் கோவப்பட மாட்டீங்களே?" என்றாள். "நீங்க வர்ற அன்னிக்கு என்னை இறக்க வேணாம்னு கோச் அண்ணாகிட்ட நான்தான் சொன்னேன். உங்க குரல் கேட்டா எனக்குப் பந்து தெரிய மாட்டேங்குதுப்பா. நீங்க பிடின்னா கை தானாப் பிடிக்குது." ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உன் மாப்பிள்ளை இத்தனை நாளும் என் முறைப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு என்னிடம் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரிக்கும் தெரிந்திருக்கிறது. "சரிம்மா, நான் சுவருக்கு அந்தப் பக்கம் போயிடறேன். நீ ஆடு" என்றேன். முதல் தடவையாக மெதுவாகப் பேசினேன் அக்கா.

நான் வெளியே வந்த மறுநிமிஷம் உள்ளே ஒரே கூச்சல். புயல் உன் மாப்பிள்ளையிடம், "அவங்க அப்பாவை மட்டும் வெளிய அனுப்பிட்டீங்க, அவளுக்கு மட்டும் என்ன சலுகை? எங்க அப்பாவையும் அனுப்புங்க சார்" என்று சண்டை. அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் உன் மாப்பிள்ளை பாரபட்சமே இல்லாமல் அப்பாக்கள் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிட்டார். பேக்கரிக்காரர் பன் பையுடன் வந்து நின்றார். "மாமா எல்லாம் எவ்வளவு நேரம் நிப்பாங்க, பெஞ்சைக் கொண்டு போய்க் குடுங்க" என்று மாப்பிள்ளை சொல்ல, என் பெண்ணும் புயலும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கிவந்து போட்டுவிட்டு ஓடினார்கள்.

அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது பெரிய சத்தம், யாரோ கோல் போட்டிருக்கிறார்கள். என் பெண்ணாகத்தான் இருக்கும் என்கிறேன் நான், தன் பெண் என்கிறார் பேக்கரிக்காரர். எட்டிப் பார்க்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். பெஞ்ச் ஆடுகிறது. ஒரு கால் குட்டை. எத்தனையோ ஆட்டங்கள் முழுக்க இதில் உட்கார்ந்திருந்தவள், அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அக்கா.