நிற்காத ரயிலுக்கு நட்ட கல்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் தெரு 'முடியாது' மாதிரி ஒரு மனுஷன் அகப்படமாட்டார். எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு அந்தக் காரியத்தைச் செய்தும் விடுவார். தாலியைக் கட்டுப்பா என்று பூசாரி சொன்னதற்கே "முடியாது" என்றுவிட்டுத்தான் கட்டினார். அந்தப் புண்ணியவதி ஆயுசு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போ பெருசு" என்றால், "முடியாது" என்றபடியே உள்ளே போவார்.

இப்படிப்பட்டவர் இருக்கும் ஊருக்குத்தான் வேக ரயில் வந்தது. ரயில் எங்கே வந்தது, சட்டம்தான் வந்தது. பாதையை இன்னும் நீட்டப்போகிறோம் என்று எங்கோ உட்கார்ந்து கை தூக்கிவிட்டார்கள். தூக்கிய கையில் ஒன்றாவது செங்கல் தூக்கியிருக்குமா? சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பியபோது சித்தாளாகச் சுமந்தவள் நான். அந்தக் கூலியில் கட்டிய என் வீட்டின் மேலேதான் கோடு போட்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டினார்கள். "கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடும்மா" என்றார் ஆபீசர்.

"இங்க நிக்குமா சார்?"

"நிக்காதும்மா."

"நிக்காத வண்டிக்கு என் வூடு இன்னாத்துக்கு?"

பதிலுக்குப் பஜ்ஜி வந்தது.

'முடியாது' மைக்கை வாங்கி, "முடியாது" என்றார். கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்று, மறுபடியும் வந்து அதையே சொன்னார்.

"இன்னா முடியாதுன்னாவது சொல்லு பெருசு" என்று யாரோ கத்தினார்கள்.

"அதான், முடியாது."

பஜ்ஜியை நீட்டியபோதும் அதையே சொல்லித் தட்டோடு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் என் வாசல் முருங்கையின் பக்கத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த அளவுக் கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். யாரிடமும் போய்க் கெஞ்சுகிற வழக்கம் எனக்கில்லை. தெருவே கேட்கத் திட்டித் தீர்த்தேன். விடிந்து பார்த்தால் கல்லைக் காணோம், குழிதான் இருந்தது.

கல் 'முடியாது' வீட்டு வாசலில், நட்டநடுவே நின்றது. சுற்றி மண்ணை மிதித்து வேறு இறுக்கியிருந்தார். எங்கள் பக்கம் எல்லைக் கல்லைத் தள்ளி நட்டுத்தான் பங்காளி நிலத்தைத் தின்பார்கள். கல் நகர்ந்தால் ரயிலும் நகரும் என்று மனுஷன் நம்பிவிட்டார்.

"இன்னா அண்ணாத்த இது?"

"ரயிலு இப்டிக்கா போவட்டும் தங்கச்சி. என்னுது ஓட்ட வூடு. உன்னுது நீ சொமந்து கட்னது."

அளக்க வந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பெருசு, கோடு கம்ப்யூட்டர்ல கீது. கல்ல நீ எங்க நட்டா இன்னா?" என் வாசலில் புதுக் கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை அவர் வாசலில் போய்க் கொட்டினேன். "அத்தயும் பாத்துட்டு உன் வூட்டயும் சேத்து இடிச்சிடப் போறானுங்க! புடுங்கிப் போடு அண்ணாத்த!"

அவர் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

"முடியாது."

ஆயுசில் அந்த ஒரு தடவைதான் சொன்னபடி இருந்தார். கல் இன்னும் அங்கேயே நிற்கிறது. அன்றைக்குத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, அவருக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டேன்.