கண்ணாடிச் சுவர்

காலையிலிருந்து அடுப்பு விறகைத் தின்றுகொண்டே இருந்தது. சவுனா என்கிற நீராவிக் குளியலறை மட்டும் சூடாகவில்லை. பேராசிரியர் ரைமோ உள்ளே பலகையில் உட்கார்ந்து பார்த்தார். பனிக்காலத்துப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் பரிசுக் குழுவினர் மூவரும் வருகிறார்கள். கட்டடக் கலைக்கு நாட்டிலேயே பெரிய பரிசு. சவுனாவின் ஏரிப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பதுதான் ரைமோ வகுப்பில் கத்தியதும் புத்தகத்தில் எழுதியதும். "உங்க சவுனாவுல உக்காந்து பாத்துட்டு முடிவு சொல்றோம்" என்று குழு சொல்லிவிட்டது.

தன் கண்ணாடிச் சவுனாவில் ரைமோ குளித்து வருஷக்கணக்காகிறது. சனிக்கிழமையானால் ஏதாவது சாக்கு சொல்லிக்கொண்டு பக்கத்து வீட்டு தௌனோவின் சவுனாவுக்குப் போய்விடுவார்.

விறகை இரண்டு மடங்காக்கினார். கண்ணாடிதான் வியர்த்தது. சூடு அந்த வழியாகத்தான் ஓடுகிறது என்று வீட்டிலிருந்த ரஜாய்ப் போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து கண்ணாடிமேல் ஆணியடித்துத் தொங்கவிட்டார்.

மனைவி மார்கெத்தா வாசலில் நின்று பார்த்தாள். "ரைமோ, உன் புத்தகத்தோட முதல் அத்தியாயத்தையே மூடிட்டியே."

"நீ சும்மா இரு."

அடுப்போரம் தொங்கிய ரஜாயில் தீப்பிடித்தது. பதறிப்போய் ஒரு வாளி ஏரித்தண்ணீரை எடுத்து வீசினார். தீ அணைந்தது. கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டது. அந்த நேரம் பார்த்துச் சாலையில் கார் சத்தம் கேட்டது.

வேலி தாண்டி ஓடினார். தௌனோவிடம் பழைய மரக்கட்டைச் சவுனா, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல். அன்றைக்குச் சூடாகத் தயாராக இருந்தது. ஒரு பெட்டி பீர் தருவதாகச் சொன்னதும் தௌனோ மறுபேச்சில்லாமல் நகர்ந்துகொண்டார்.

விருந்தாளிகளைத் தோட்டத்து வழியாகவே அழைத்துப் போனார். இது குளிர்காலத்துக்கென்று தனியாகக் கட்டியது என்று வாய் கூசாமல் ஒரு பொய்யும் சொன்னார்.

நால்வரும் பிறந்தமேனியாகப் பலகையில் உட்கார்ந்தார்கள். அடுப்பின்மேல் காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவி பொங்கியது. ஒருவர் சுவரைத் தடவினார். இன்னொருவர் அந்தக் குட்டி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரைமோவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. துணியில்லாமல் உட்கார்ந்து பொய் சொல்வது அந்த ஊர்க்காரர்களுக்கு வராது. இத்தனை வருஷப் பேர் போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"இது என்னோடது இல்லீங்க. பக்கத்து வீட்டுக்காரரோடது. என்னோடது சூடே ஆகாது."

குழுவில் மூத்தவர் வில்யோ. நிதானமாக ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினார்.

"பரிசு உங்களுக்குத்தான் பேராசிரியரே, குடுக்கலேன்னா ஏன்னு நாலு பேர் எங்களக் கேப்பாங்க, உங்க புத்தகத்தப் பாத்து எங்க சவுனாவுக்கும் கண்ணாடிச் சுவர் கட்டினதுலேர்ந்து நாங்க மூணு பேருமே பக்கத்து வீட்டுலதான் குளிக்கிறோம்."