அழித்ததற்கு எத்தனை மதிப்பெண்?

மதிப்பெண் போடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மழையை அளக்கிற வேலை. எனக்குக் கண் தெரிகிறது என்று நம்பிய அன்றுதான் முழுக்க நனைந்தேன்.

ராசிபுரம் பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஐந்து மாணவிகளுக்கு இணையத்தில் ஒரே கோப்பைத் திறந்துகொடுத்து, ஆறாம் வகுப்புக்கு 'மழை' பாடத்திட்டத்தைச் சேர்ந்து எழுதச் சொன்னேன். அவரவர் வீட்டிலிருந்து போனில் எழுதலாம். யார் எதை எழுதினார்கள் என்று கோப்பே வண்ணம் வண்ணமாகக் காட்டிக்கொடுத்துவிடும். (இனி என்னை யார் ஏமாற்ற முடியும் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.)

பாடத்திட்டம் அருமையாக வந்திருந்தது. ஆனால் சுகன்யாவின் வண்ணத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. பூஜ்யம் போட்டேன். அது நின்றால் அவள் தேற மாட்டாள். சேலத்துப் பள்ளி ஒன்று தருவதாகச் சொன்ன வேலையும் போய்விடும். செய்முறைத் தேர்வன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நானு எழுதுலீங்க சார். வேண்டாததை அழிச்சுத்தானுங்க சரிபண்ணுனேன்."

அழிப்பது எப்படி எழுத்தாகும்? (எழுதிய ஒரு வரியையும் அடிக்க மனம் வராத வசனகவிதைக்காரன் நான்.) அழித்ததைப் பார்த்துவிடலாம் என்று, கோப்பு தானே சேமித்து வைத்திருக்கும் பழைய பதிவைப் பெரிய திரையில் திறக்கப் போனேன்.

"வேண்டாங்க சார்," என்றாள் மெதுவாக. மாட்டிக்கொண்ட பயம் என்று நினைத்தேன். மற்ற நால்வரும் ஏன் குனிந்தார்கள் என்றுதான் விளங்கவில்லை.

திரை விரிந்தது. பாடத்துக்கு நடுநடுவே நால்வரின் அரட்டை. 'மழைன்னு சொன்னாப் போதும், சாரு மேகத்துக்குள்ள போயிருவாரு.' 'அவரு எறங்கறதுக்குள்ள பஸ்ஸு போயிரும்டி.' 'அவரு கவிதை புரிஞ்சவங்க கையத் தூக்குங்க.' அதற்குக் கீழே நீண்ட வெற்றிடம்.

தேர்வாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலே இருந்த ஒரு நீண்ட பத்தியைக் காட்டினார். வானம், விரகம், ஈரத்தின் இலக்கணம் என்று ஓடியது அது. மாதிரிக்கு இருக்கட்டும் என்று நான் எழுதிச் சேர்த்த முன்னுரை. அது காணாமல் போனதைக்கூடக் கவனிக்காமல்தான் 'அருமை' என்று குறிப்பு எழுதியிருந்தேன்.

"இதையும் இந்தப் புள்ளதான் அழிச்சுதுங்களா?"

"ஆமாங்க," என்றாள் சுகன்யா.

"இதுக்கே முழு மார்க் போடலாங்க சார்."

போட்டேன். சுகன்யா இப்போது சேலத்தில் டீச்சர். நடந்ததை வீட்டில் உளறியதுதான் தப்பு. நான் எதை எழுதி நீட்டினாலும் மனைவி படிப்பதில்லை; "ஏனுங்க, சுகன்யாகிட்டக் காட்டியாச்சுங்களா?" என்கிறாள்.

இந்தக் கட்டுரைக்கும் அதே கேள்விதான் வந்தது. அனுப்பினேன். பாதிதான் திரும்பி வந்தது. நீங்கள் படித்தது அந்தப் பாதி.